வைரத்தை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தவர்

1924-ம் ஆண்டு. பம்பாயில் டாடா கம்பெனியின் தலைமை ஆபீசுக்கு ஒரு தந்தி வந்தது.

தந்தி வந்த ஊர் ஜாம்ஷெட்பூர். டாடாவின் இரும்புத் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது.

தந்தி சின்னது. அது சொன்ன செய்தி பெரியது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை!

ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள். அவர்களை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். உலையில் நெருப்பு எரிகிறது. ஆனால் பெட்டியில் பணம் இல்லை.

கம்பெனியின் தலைவர் சர் தோராப்ஜி டாடா. அவருக்கு அப்போது வயது 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்தார்?

தன் சொந்தச் சொத்து முழுவதையும் பாங்கியில் ஈடு வைத்தார். அதன் மதிப்பு சுமார் ஒரு கோடி ரூபாய். அவருடைய மனைவி மெஹர்பாயின் நகைகளும் அதில் சேர்ந்தன. இம்பீரியல் பாங்கி ஒரு கோடி ரூபாய் கடன் கொடுத்தது. சம்பளம் பட்டுவாடா ஆனது. தொழிற்சாலை பிழைத்தது.

(அந்த இம்பீரியல் பாங்கிதான் 1955-ம் ஆண்டில் ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியாவாக மாறியது.)

அவசரத்துக்கு நகையை அடகு வைப்பது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். பிள்ளையின் படிப்புக்கு, விதைநெல்லுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக் கடைக்குப் போய் வந்த வீடுகள் எத்தனையோ! அந்தக் காரியத்தைத்தான் தோராப்ஜி டாடாவும் செய்தார். ஆனால் அவர் தன் வீட்டுக்காகச் செய்யவில்லை. ஊரார் வீட்டு அடுப்பு எரிவதற்காகச் செய்தார்.

தொழில் நடத்துகிறவனுக்குத் தைரியம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது தைரியம்? நஷ்டம் வரும்போது முதல் அடியை யார் வாங்கிக்கொள்கிறார் என்பதில்தான் அது தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோராப்ஜி டாடா அப்படிச் செய்யவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அது ஒரு லிமிடெட் கம்பெனி. லிமிடெட் கம்பெனி என்றால் என்ன? பலர் பங்கு போட்டு ஒரு தொழில் தொடங்குகிறார்கள். தொழில் நொடித்துப்போனால் பங்குக்குப் போட்ட பணம் போகும். அவ்வளவுதான். கம்பெனி பட்ட கடனுக்காகப் பங்குதாரரின் வீட்டையோ, நிலத்தையோ, நகையையோ யாரும் கேட்க முடியாது.

இது நல்ல ஏற்பாடுதான். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பெரிய தொழிலில் பணம் போட யாரும் துணியமாட்டார்கள்.

அந்தப் பாதுகாப்பு தோராப்ஜிக்கும் இருந்தது. "கம்பெனியில் பணம் இல்லை. என்னால் ஆவதற்கு ஒன்றும் இல்லை" என்று அவர் கையை விரித்திருக்கலாம். கதவைப் பூட்டியிருக்கலாம். சட்டம் அவரைத் தொட்டிருக்காது.

சட்டம் கட்டிக் கொடுத்த மதில் சுவருக்குள் அவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் அந்த மதிலைத் தாண்டி வெளியே வந்தார். அதனால்தான் நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அவர் செய்ததைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தந்தை கண்ட கனவு

அந்தத் தொழிற்சாலை சுலபமாக வந்ததல்ல.

இந்தியாவில் பெரிய எஃகுத் தொழிற்சாலை அமைக்கவேண்டும் என்று கனவு கண்டவர் ஜாம்ஷெட்ஜி டாடா. அவர் தோராப்ஜியின் தந்தை. கனவு நனவாகும் முன்பே, 1904-ம் ஆண்டில், அவர் காலமானார்.

மகன் வேலையைக் கையில் எடுத்தார். இரும்புக்கல் தேடி மத்திய இந்தியக் காடுகளில் மாட்டு வண்டியில் அலைந்தார். கடைசியில் பி.என். போஸ் என்ற இந்திய நிபுணர் மயூர்பஞ்ச் சமஸ்தானத்து மலைகளில் இரும்புக்கல் இருப்பதைத் தெரிவித்தார். அங்கே நல்ல இரும்புக்கல் கிடைத்தது.

அடுத்தது பணம். லண்டனில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. இந்தியர்களால் எஃகு செய்ய முடியுமா என்ற சந்தேகம் வெள்ளைக்காரர்களுக்கு இருந்தது. ரெயில்வே தலைமை அதிகாரியாக இருந்த சர் பிரடெரிக் அப்காட் ஒரு படி மேலே போனார். டாடாக்கள் தரமான தண்டவாளம் செய்தால், அதை ஒரு பவுண்டு விடாமல் தானே தின்றுவிடுவதாகக் கேலி செய்தார்!

1907-ம் ஆண்டில் சொந்த நாட்டு மக்களிடமே பங்கு கேட்டார்கள். அது சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம். மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் பணம் போட்டார்கள். தேவையான மூலதனம் முழுவதும் சேர்ந்துவிட்டது.

சாக்சி என்ற சிறிய கிராமத்தில் தொழிற்சாலை எழுந்தது. 1912-ம் ஆண்டு பிப்ரவரியில் முதல் எஃகு வார்ப்பு வெளிவந்தது.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. ஈராக் பகுதியில் பிரிட்டிஷ் படைக்கு ரெயில் பாதை போடவேண்டியிருந்தது. டாடா தொழிற்சாலை 1,500 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் அனுப்பியது. அப்காட் தின்னுவதாகச் சொன்ன தண்டவாளம், அவருடைய அரசாங்கத்தையே காப்பாற்றியது!

1919-ல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு சாக்சிக்கு வந்தார். ஜாம்ஷெட்ஜியின் நினைவாக அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்.

யுத்தம் முடிந்தது, கஷ்டம் தொடங்கியது

யுத்த காலத்துத் தேவையைப் பார்த்துத் தொழிற்சாலையைப் பல மடங்கு பெருக்கத் திட்டம் போட்டார்கள். வேலை நடக்கும்போதே விலைவாசி ஏறியது. இயந்திரங்கள் வந்து சேரத் தாமதமானது. போட்ட கணக்கைத் தாண்டிச் செலவு ஓடியது.

அதே சமயத்தில் வெளிநாட்டு எஃகு மலிவு விலையில் இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. எஃகின் விலை சரிந்தது.

அடி மேல் அடி விழுந்தது. 1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி ஜப்பானில் பயங்கர பூகம்பம். டாடாவின் வார்ப்பிரும்பை வாங்கிய பெரிய வாடிக்கையாளர் ஜப்பான்தான். அந்த வியாபாரமும் நின்றது.

எங்கோ ஜப்பானில் பூமி அதிர்ந்தது. இங்கே ஜாம்ஷெட்பூரில் சம்பளப் பெட்டி காலியானது. தொழில் என்பது அப்படித்தான். தவறே செய்யாதவன் தலையிலும் இடி விழும்.

டைரக்டர்கள் கூடிப் பேசினார்கள். தொழிற்சாலையை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. ஆர்.டி. டாடா துள்ளி எழுந்து மேஜையைத் தட்டினார். தான் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது என்று சொன்னார். பிற்காலத்தில் விமானத் தொழிலில் புகழ் பெற்ற ஜே.ஆர்.டி. டாடாவின் தந்தை அவர்.

மேஜையைத் தட்டினால் வீரம் தெரியும். ஆனால் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே! அப்போதுதான் சொத்துப் பத்திரங்களும் நகைப் பெட்டியும் வெளியே வந்தன.

கோகினூரை மிஞ்சிய வைரம்

அடகு வைத்த நகைகளில் ஒன்று "ஜூபிலி வைரம்".

தென் ஆப்பிரிக்காவின் யாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தில் 1895-ல் கிடைத்த கல் அது. பட்டை தீட்டிய பிறகு எடை 245 காரட். விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897-ல் அந்தப் பெயர் வந்தது.

புகழ்பெற்ற கோகினூர் வைரத்தின் இன்றைய எடை 105 காரட். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் இது! 245 காரட் என்றால் கிட்டத்தட்ட 49 கிராம். தராசின் ஒரு தட்டில் அந்த வைரத்தை வைத்தால், மறு தட்டில் ஆறு பவுன் தங்கம் வைக்கவேண்டும்.

தோராப்ஜியும் மெஹர்பாயும் 1898-ல் மணம் செய்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்த வைரத்தை வாங்கி மனைவிக்கு அளித்தார் தோராப்ஜி.

மெஹர்பாய் வெறும் அலங்காரப் பதுமை அல்ல. படித்த பெண்மணி. சேலை கட்டிக்கொண்டே டென்னிஸ் ஆடிப் பல பரிசுகள் வென்றவர். குழந்தை மணத்தை எதிர்த்தவர். பெண் கல்விக்காகப் பாடுபட்டவர்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் தோராப்ஜியின் தைரியத்தைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அது பாதிக் கதைதான். கழுத்தில் கிடந்த நகை மெஹர்பாயுடையது. குடும்பத்தின் துணை இல்லாமல் எந்த முதலாளியும் துணிந்து நிற்க முடியாது. மனைவிக்குத் தெரியாமல் பீரோவைத் திறந்து நகையை எடுத்துப்போய் வியாபாரத்தில் போடுவது தைரியம் ஆகாது. அதற்கு ஊரில் வேறு பெயர் இருக்கிறது.

"அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் துணிந்தார்கள்" என்று சிலர் சொல்லலாம். பிள்ளை இல்லாதவர்களுக்கும் முதுமை உண்டு, நோய் உண்டு. சொல்லப்போனால், பிள்ளை இல்லாத வயோதிகருக்குக் கையில் உள்ள பணம்தான் ஊன்றுகோல். அதைத்தான் அவர்கள் எடுத்து நீட்டினார்கள்.

அடகு வைப்பதெல்லாம் தைரியமா?

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம்.

இருப்பதையெல்லாம் அடகு வைத்து வியாபாரத்தில் கொட்டுவது வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சூதாடியும் அடகு வைக்கிறான். குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவனும் அடகு வைக்கிறான். அப்படி அழிந்த குடும்பங்கள் ஏராளம்.

தோராப்ஜிக்கும் சூதாடிக்கும் என்ன வித்தியாசம்?

தோராப்ஜியின் தொழிற்சாலை செத்துப்போன தொழிற்சாலை அல்ல. பக்கத்திலேயே இரும்புக்கல் இருந்தது. நிலக்கரி இருந்தது. ஆற்றுத் தண்ணீர் இருந்தது. வேலை பழகிய தொழிலாளர்கள் இருந்தார்கள். செய்த எஃகு யுத்தத்திலேயே சோதிக்கப்பட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தது. நாட்டுக்கு ரெயில் வேண்டும், பாலம் வேண்டும், இயந்திரம் வேண்டும். எஃகு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அடித்தளம் உறுதியாக இருந்தது. மேலே அடித்த புயல்தான் பொல்லாதது. புயல் கடக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும். இதை எடை போட்டுப் பார்த்த பிறகு சொத்தை ஈடு வைப்பதற்குப் பெயர்தான் தைரியம். எடை போடாமல் வைப்பதற்குப் பெயர் சூதாட்டம்.

ஆகவே ஒரு கடைக்காரர் நகையைத் தொடும் முன் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். "என் சரக்கு நல்ல சரக்கா? அதை வாங்க ஆள் உண்டா? இந்தக் கஷ்டம் வந்துபோகும் காய்ச்சலா, அல்லது தீராத வியாதியா?" காய்ச்சல் என்றால் மருந்து வாங்கலாம். தீராத வியாதி என்றால், கடனைத் தீர்த்துவிட்டுக் கௌரவமாகக் கடையை மூடுவதும் தைரியம்தான். அதற்கும் பெரிய மனசு வேண்டும்.

வைரம் மட்டும் போதவில்லை

இன்னொரு உண்மையையும் சொல்லவேண்டும். ஒரு வைரம் மட்டும் தொழிற்சாலையைக் காப்பாற்றிவிடவில்லை.

அதே 1924-ம் ஆண்டில் எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெளிநாட்டு எஃகின் மேல் கூடுதல் வரி போடப்பட்டது. இந்திய எஃகு போட்டியில் நிற்க அது கைகொடுத்தது. அந்த வரியின் பாரத்தை எஃகு வாங்கிய மக்கள்தான் சுமந்தார்கள்.

பங்குதாரர்களும் பொறுத்துக்கொண்டார்கள். 1907-ல் ஆசையோடு பணம் போட்டவர்கள் பல ஆண்டுகள் லாபப் பங்கு இல்லாமல் காத்திருந்தார்கள்.

தொழிலாளர்களின் பங்கு எல்லாவற்றிலும் பெரியது. உலையின் முன்னே நின்று வெந்தவர்கள் அவர்கள்தான்.

ஜாம்ஷெட்பூரில் 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்துவிட்டது.  சம்பளத்தோடு லீவும், பிராவிடண்டு பண்டும் அங்கே 1920-ல் வந்தன.

அதனால் அங்கே சண்டையே இல்லை என்று நினைக்கக் கூடாது. 1920-லும் 1922-லும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. தொழிலாளர் பிரச்சினைக்காக 1925-ல் காந்தியடிகள் அங்கே வந்தார். 1928-ல் ஆள் குறைப்பை ஒட்டிப் பெரிய போராட்டம் மூண்டது. சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் சங்கத்தின் தலைமையை ஏற்றார்.

முதலாளி ஒரு முறை நகையை அடகு வைத்துவிட்டார் என்பதற்காகத் தொழிலாளி ஆயுள் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கவேண்டும் என்பதில்லை. தியாகம் வேறு, நியாயமான கூலி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுக்க முடியாது. ஆனால் தன் சொத்தைப் பணயம் வைத்த முதலாளி பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, அவர் முகத்தைத் தொழிலாளி நிமிர்ந்து பார்க்க முடியும். அவரும் தொழிலாளியின் முகத்தைப் பார்க்க முடியும். அந்த மரியாதையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

பொறுமையின் பலன்

மெல்ல மெல்லத் தொழிற்சாலை நிமிர்ந்தது. கடன் அடைந்தது. நகைகள் மீண்டன. 1939-ம் ஆண்டு வாக்கில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே மிகப் பெரிய எஃகுத் தொழிற்சாலை என்ற பெயரை ஜாம்ஷெட்பூர் பெற்றிருந்தது.

அந்தப் புகழை நேரில் காணத் தோராப்ஜியும் மெஹர்பாயும் இல்லை.

மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயால் காலமானார். கோகினூரை மிஞ்சிய வைரமும் அந்த நோயை விலைக்கு வாங்கி அனுப்ப முடியவில்லை. அடுத்த ஆண்டு, மனைவியின் கல்லறையைக் காண இங்கிலாந்துக்குப் புறப்பட்டார் தோராப்ஜி. பயணத்தின் நடுவே, 1932 ஜூனில், ஜெர்மனியில் அவர் உயிர் பிரிந்தது.

இறப்பதற்கு முன் தன் சொத்து முழுவதையும் தரும ஸ்தாபனத்துக்கு எழுதி வைத்திருந்தார். மெஹர்பாயின் நகைகளும் அதில் சேர்ந்தன. ஜூபிலி வைரம் 1937-ல் விற்கப்பட்டது.

அந்தத் தரும ஸ்தாபனம் பம்பாயில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டியது. 1941-ல் திறக்கப்பட்ட டாடா நினைவு ஆஸ்பத்திரிதான் அது. இப்போது அது மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் நடக்கிறது. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஏழைகளும் பணக்காரர்களும் சிகிச்சைக்காக அங்கே போகிறார்கள்.

ஒரு முறை தொழிலாளியின் கூலிக்குப் போன சொத்து, மறு முறை நோயாளியின் மருந்துக்குப் போனது.

இன்றைய முதலாளிகளுக்கு

இன்றைக்கும் பாங்கிகள் பெரிய கடன் கொடுக்கும்போது முதலாளியின் சொந்த ஜாமீன் கேட்பது உண்டு. அப்போது சிலர் செய்கிற காரியம் என்ன? வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுகிறார்கள். நிலத்தை மைத்துனன் பெயருக்கு எழுதுகிறார்கள். பணத்தை வேறு கம்பெனிக்குத் திருப்புகிறார்கள். பிறகு தொழில் படுத்துவிட்டது என்கிறார்கள். கம்பெனி திவாலாகிறது. முதலாளியின் கார் மட்டும் திவாலாவதில்லை!

மூன்று மாதச் சம்பளம் வராமல் தொழிலாளி வட்டிக்கடைக்கு நடக்கிறான். முதலாளி வைக்காத அடகை அவன் போய் வைக்கிறான். அவன் மனைவியின் கழுத்தில் கிடந்த ஒற்றைச் சங்கிலி, முதலாளியின் நஷ்டத்துக்கு ஈடாகப் போகிறது.

எல்லா முதலாளிகளும் ஒரு கோடி ரூபாயை ஈடு வைக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய வைரம் எல்லோரிடமும் இல்லை. ஆனால் சின்னத் தொழிலுக்கும் இதே கணக்குத்தான்.

கஷ்டம் வந்தால், முதலில் முதலாளி தன் சம்பளத்தை நிறுத்தட்டும். பிறகு தொழிலாளியின் சம்பளத்தைப் பற்றிப் பேசட்டும். முதலில் தன் காரை விற்கட்டும். பிறகு பட்டறைக்காரனின் போனசைப் பற்றிப் பேசட்டும். நிலைமை என்னவென்று தொழிலாளிகளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லட்டும். உண்மை தெரிந்தால் தொழிலாளியும் தோள் கொடுப்பான். ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வளரும்.

நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையானாலும் சரி, நாலாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையானாலும் சரி, முதலாளியின் தைரியத்தை அளக்க ஒரே ஒரு கேள்வி போதும்.

பணமுடை வந்த மாதத்தில் முதலில் அடகுக் கடைக்குப் போனது யார் வீட்டு நகை?